ஃப்ளாஷ் போடாத போட்டோ

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பொம்மை சுடுகிறவர் கோவிந்தசாமி. சூளைத் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்தே உள்ளே எது வெந்தது, எது வேகவில்லை என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் மகளைத் தானே போட்டோ எடுப்பது என்ற விபரீத முடிவுக்கு வந்தார்.

காரணம் இருந்தது. கயல்விழி நல்ல கறுப்பு, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற முகம். ஸ்டுடியோக்காரன் விட்டானா? ஃப்ளாஷை அடித்து, கம்ப்யூட்டரிலும் வெளுத்து, வாஷ்பேசினுக்குப் புடவை கட்டியது போல ஆக்கித் தந்தான். அதை நம்பிக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்து வந்தது. பெண்ணைப் பார்த்தது, கேசரியைத் தின்றது, "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்றது, போய்விட்டது. அடுத்து வந்த, நம்மூர்ப் பக்கத்து மங்களூர்க்காரர்கள் அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து போனார்கள். அன்றைக்குக் கயல்விழி சாப்பிடவே இல்லை. இனி ஒருத்தன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து போகக்கூடாது என்று கோவிந்தசாமி நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்தான்.

"ஃப்ளாஷே வேணாம் மாமா, கம்மி வெளிச்சத்துலயே எடுக்கும். ஆனா ஆடாம இருக்கணும்."

சேத்தியாத்தோப்பு வரனுக்குத் தரகர் மறுநாளே போட்டோ கேட்டிருந்தார். கயல்விழியோ விடியும்போதே பொம்மைக்கு வண்ணம் தீட்ட ஓடி, விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புகிறவள். அன்று அவள் வந்தாள், கரண்ட் போனது.

கோவிந்தசாமி அசரவில்லை. வீட்டை ஒட்டியிருந்த சூளையின் வாய்க்குப் பக்கத்தில் மகளை நிறுத்தினார். செங்கல் அடுக்கின் மேல் கேமராவை வைத்தார்.

"நான் சொல்ற வரைக்கும் மூச்சு வுடாத."

கேமரா 'கிளிக்' என்றது. எடுத்து முடித்துவிட்டது என்பதற்கான சத்தம் அது. அவரோ சூளையைப் போல இப்போதுதான் பற்றியிருக்கிறது என்று எண்ணிக் காத்திருந்தார். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் பொம்மை வெடித்துவிடும் என்பது அவர் தொழில் தர்மம்.

"பத்தலம்மா, இன்னும் கொஞ்சம் வேவட்டும்."

"நான் என்ன பொம்மையாப்பா?" என்று மூச்சை விட்டுவிட்டாள் அவள்.

படத்தைப் பார்த்தார்கள். நெருப்பு வெளிச்சத்தில் முகம் தங்கமாக ஜொலித்தது.

"அம்மனாட்டம் இருக்குது. இதையே குடுத்துடுங்க" என்றாள் மனைவி சொர்ணாம்பாள்.

கோவிந்தசாமிக்கும் சபலம் தட்டியது. பெற்ற மனம், ஆசை விடுமா? கயல்விழிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் வெள்ளையா காட்டுனான், நீங்க தங்கமா காட்டுறீங்க. வர்றவங்க கிட்ட திரும்பவும் நான்தானப்பா பேச்சு கேக்கணும்."

அவருக்குச் சுருக்கென்றது. படத்தை அவரே அழித்தார். வீட்டு வாசலில், வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்தார். முதல் படத்தின் குறுக்கே சொர்ணாம்பாள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து, தலையில்லாத ஆவியாகப் பதிந்தாள். கயல்விழி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபோது அடுத்ததை எடுத்தார். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் கறுப்பு கறுப்பாகவே இருந்தது, மகள் மகளாகவே இருந்தாள்.

அடுத்த வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்ணை உற்றுப் பார்த்தாள்.

"போட்டோவுல பாத்த பொண்ணேதான். எங்களுக்குப் புடிச்சிருக்குது."

எல்லோர் முகமும் மலர்ந்தது. கயல்விழி மட்டும் மாப்பிள்ளை ஆனந்தராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரகர் கொடுத்த படத்தில் அவன் பாலாய் வெளுத்திருந்தான். எதிரே இருந்தவன் அவளைவிட ஒரு படி கறுப்பு, அதன் மேல் பவுடர்.

"அப்பா, கேமராவ எடுத்துட்டு வாங்க. இவங்கள ஃப்ளாஷ் போடாம ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு அப்புறம் சொல்றேன்."

சொர்ணாம்பாள் தலையில் கை வைத்தாள். ஆனந்தராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்துப் பவுடரை அழுந்தத் துடைத்தான். நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்தான்.

"எடுங்க மாமா" என்றான்.