ஓடைக்கரையில் ஜெயக்கொடி வைத்த புல்

வத்திராயிருப்புக்கு மேற்கே, ஓடையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம் ஜெயக்கொடிக்கு. கணவர் ராபர்ட் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்குப் போய்விடுவார். வயல் முழுக்க அவள் பொறுப்பு. மலையில் மழை பிடித்தால் ஓடை கலங்கிப் புரண்டு வரும். ஓர் ஐப்பசியில் அது கரையை அறுத்து, காய்க்கத் தொடங்கியிருந்த தென்னைகளையும் கதிர் பிடித்த நெல்லில் ஒரு துண்டையும் கொண்டுபோனது. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், நாணல் தூர் பிடித்திருந்த இடத்தில் மட்டும் மண் அப்படியே நின்றது.

அடுத்து வந்த கோடையில் கரையோரம் இரண்டு பாத்தி அகலத்தை அவள் உழாமல் விட்டாள். நீரோரம் வெட்டிவேர், அதற்கு மேலே மாட்டுக்காக நேப்பியர் புல். நெல் விளையும் இடத்தில் புல்லா என்று ராபர்ட் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலில் வைத்த நாற்று வெயிலில் கருகியது. அடுத்து வைத்ததை வெள்ளாடுகள் மேய்ந்தன. பிறகு முள் அடைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தாள். புல் இடுப்பளவு நின்றது.

மறுபடி பெருவெள்ளம் வந்தபோது அவள் கரை அசையவில்லை. எதிர்க்கரையில் மைதீன் பிச்சையின் வாழைத்தோட்டம் சரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர், கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்தார்.

"ஒன் புல்லு தண்ணிய எம் பக்கம் தள்ளி விட்டுருச்சு, ஜெயக்கொடி. நீ தப்பிச்சுக்கிட்ட."

ஓடை விளிம்பு வரை அவர் வாழை வைத்தது அவள் நாக்கு நுனிவரை வந்தது; ஆனாலும் அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று அவளால் நினைக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது, அவர் மனைவி மெகராஜ் பேகம் சேற்றிலிருந்து வாழைக்கன்றுகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். மறுநாளே தன் கரையில் வெட்டிவேர்த் தூர்களைப் பெயர்க்கத் தொடங்கினாள்.

"நம்ம கரையப் பேத்து அவியளுக்குக் குடுத்தா, நம்மது நிக்குமா?" என்றார் ராபர்ட்.

"ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எடுக்கேன். அந்தக் கரை போயிட்டா, பொறவு ஓடை எங்கிட்டுத் திரும்பும்னு யாருக்குத் தெரியும்?"

முழங்கால் தண்ணீரில் தூர்களைச் சுமந்து போனாள். மெகராஜ் பேகம் உடன் நட்டாள். மைதீன் பிச்சை தூரத்தில் மோட்டார் ரூம் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள்தான் கடப்பாரையோடு இறங்கினார். அன்று பேசியதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னதுல பாதி நெசந்தான் பாய்," என்றாள் ஜெயக்கொடி. "குழிய இன்னும் செத்த ஆழமாப் போடுங்க."

அடுத்த மழையில், தூர் எடுத்த இடத்தில் அவள் கரையிலும் கொஞ்சம் சரிந்தது. ராபர்ட் லீவு போட்டு வந்து மண்மூட்டை அடுக்கினார். எதிர்க்கரை, வளைவில் தவிர மற்ற இடமெல்லாம் நின்றது. இந்த வருடம் மைதீன் பிச்சை வாழையை ஓடையிலிருந்து இரண்டு வரிசை தள்ளி வைத்திருக்கிறார்.