கீழ்க்குரல்

கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் மாட்டும் அந்தப் பெண்மணியைக் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் எல்லாரும் ஆல்ட்டோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான வருடம் குழுவில் சேர்ந்தவள். மெட்டுப் பாடும் வரிசையில் அன்று இடமில்லை. "கீழ்க்குரல்ல ஆளே இல்ல, அங்க போய் நில்லும்மா" என்றார் ஆர்கன்காரர். போய் நின்றவள்தான், தலை நரைத்த பிறகும் அங்கேயே நிற்கிறாள்.

ஆல்ட்டோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெட்டு மேலே துள்ளிக்கொண்டு போகும். அதற்குக் கீழே, ரொம்ப ஏறாமல் இறங்காமல், கூடவே நடந்து போகும் குரல் அது. சேர்ந்து கேட்டால் பாட்டு நிறைந்துவிடும். தனியாகக் கேட்டால் எந்தப் பாட்டென்று அதை எழுதியவனுக்கே அடையாளம் தெரியாது.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஞாயிறு தவறாமல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்வார். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். "எனக்கும் சேர்த்து நீயே வேண்டிக்க" என்பார். அந்த வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட வெறித்துப் பார்த்தார். இனி ஒரு வார்த்தையாவது வருமா என்ற கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து பார்த்தாள். "பேச்சு வராத சில பேருக்குப் பாட்டு வரும்மா. அவருக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு எதையாவது பாடுங்க. வார்த்தை அதோட ஒட்டிக்கிட்டு வரலாம்."

கரும்பு தின்னக் கூலியா! நாளெல்லாம் வீட்டில் அவள் முனகும் சாயங்காலப் பாட்டையே எடுத்தாள். ஒரு வரிகூட முடியவில்லை, அந்தப் பெண் கையை உயர்த்தினாள்.

"இது என்ன பாட்டும்மா?"

"'வீடு சேருமட்டும் விலகாதிரும்'. கேட்டதில்லையா?"

"அதுவா? எங்க பள்ளிக்கூடத்துல பாடுவாங்களே. மெட்டு இப்படி இல்லையே. மெட்டோட பாடுங்கம்மா. நான் பாடினா கழுதையே எழுந்து ஓடிடும்."

அக்கா மெட்டைப் பிடிக்கப் பார்த்தாள். இரண்டாவது சொல்லிலேயே குரல் கீழே இறங்கிவிட்டது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் இறங்கியது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருடம் வாய் வலிக்கப் பாடியிருக்கிறாள், ஒரு பாட்டுக்குக்கூட மெட்டுத் தெரியாதா? ஊரை ஏமாற்றி உட்கார்ந்திருந்தவள் போல உடம்பு கூசியது.

மெட்டுப் பாடக் குழுவில் ஒருத்தி இருந்தாள். குயில் என்று பெயரெடுத்தவள். மைக் யார் பக்கம் இருப்பது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அக்கா போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "இதோ கிளம்பிட்டேன்கா" என்றாள் குயில்.

வந்து பாடவும் பாடினாள். நர்சுகள் வாசலில் கூடிவிட்டார்கள். அவரோ சிவப்பு விளக்கில் நிற்கும் டிரைவரைப் போல எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குயிலுக்குக் கண் கலங்கியது. "அண்ணனுக்கு இந்தப் பாட்டே மறந்துபோச்சோ அக்கா?"

அக்காவின் தலையில் இடி விழுந்தது. இதுவே மறந்துவிட்டதென்றால் வேறு என்ன மிஞ்சியிருக்கும்? தன்னையாவது அடையாளம் தெரிகிறதா இந்த மனிதருக்கு? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் குயில் திரும்பவும் முதலிலிருந்து எடுத்தாள். மெட்டைத் தனியே போகவிட்டு அக்காவுக்குப் பழக்கமில்லை. அழுகையோடு அழுகையாக அவள் குரலும் கீழே சேர்ந்துகொண்டது. பாதியில் குயில் பாட்டை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மெட்டில்லாத அந்தக் கீழ்க்குரல் மட்டும் அறையில் போய்க்கொண்டிருந்தது.

அவர் தலை திரும்பியது. கோணிய உதடு அசைந்தது.

"வீடு... சேரு... மட்டும்..."

பேச்சுப் பயிற்சிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். குயில் திகைத்துப்போய், "அக்கா, அண்ணன் ஆல்ட்டோல்ல பாடுறாரு!" என்றாள்.

வேறு எதில் பாடுவார்? கோயில் வாசலை மிதிக்காத மனிதர். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் முனகியதுதான் அவருக்குப் பாட்டு. பாட்டை விட்டால் அவரையும் விட்டுவிடுவோமோ என்று பயந்து அக்கா விடாமல் பாடினாள். 'விலகாதிரும்' வந்தது. ஆர்கன்காரர் எத்தனை திட்டியும் அவள் சுருதி நழுவுகிற இடம் அது. அவளுக்கு அங்கே நழுவியது. சொல்லிவைத்தாற்போல, அவருக்கும் நழுவியது.