ஒன்றும் பதிவாகாத கேசட்

என் தம்பி ஏகாம்பரத்தின் குரலை நான் அழித்தேன். கை தவறி அல்ல. அழித்துவிடாதே என்று அவன் செய்து அனுப்பிய ஏற்பாட்டைக் கண்ணால் பார்த்து, அதையும் மீறி, தெரிந்தே அழித்தேன்.

இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் திருப்பதியில் என் வீட்டு மாடியறைக்கு வருகிறீர்களே, அந்த ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் கண்ணை மூடி உட்காருகிறீர்களே, "சார் காதுக்கு எதுவும் தப்பாது" என்று புகழ்கிறீர்களே... உங்களிடம்தான்!

என் காது! ஒயரை மாற்றினால் கண்டுபிடிக்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நான்கு விரல் முன்னால் நகர்த்தினால் கண்டுபிடிக்கும். வால்வு ஆம்பிளிஃபயர் சூடேறும் முன்பே பாட்டைப் போட்ட நண்பரோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவன் நான். அதெல்லாம் எனக்குப் பெருமை. வெட்கமில்லாத பெருமை.

எங்களுக்குக் கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நான் படித்து, மின்சார இலாகாவில் வேலை வாங்கித் திருப்பதிக்கு வந்துவிட்டேன். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஊரில் பாதி ஆண்கள் குவைத்துக்குப் புறப்பட்ட காலத்தில் அவனும் டிரைவராகப் போனான். கல்யாணமாகி ஒன்றரை வருடம்; கைக்குழந்தை, பெண்.

அவன் மனைவி வனஜா திருத்தணிப் பக்கத்துப் பெண். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவனுக்குத் தெலுங்கு மட்டும்தான் எழுதத் தெரியும். எங்கள் எல்லையோரத்தில் இப்படி எத்தனையோ தம்பதிகள்! பக்கத்தில் இருக்கும்வரை அது ஒரு குறையே இல்லை. கடல் நடுவில் வந்ததும்தான் தெரிந்தது, கணவன் எழுதுவதை மனைவியால் படிக்க முடியாது என்று.

அதனால் கேசட். அதில் பேசிப் பதிந்து, ஊருக்குத் திரும்பும் யாரிடமாவது கொடுத்தனுப்புவான். அது திருப்பதியில் என் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை நான் டேப் ரிக்கார்டரோடு ஊருக்கு எடுத்துப் போவேன். அதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு முறையே ஏற்பட்டிருந்தது. முதல் பக்கம் எல்லோருக்கும். "நைனா, நல்லா கீறியா? மாடு கன்னு போட்டுச்சா?" என்று அவன் கேட்கக் கேட்க, எங்கள் அப்பா, நைனா, டேப் ரிக்கார்டருக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாம் பக்கம் வனஜாவுக்கு மட்டும். கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டு முடித்த கேசட்டுகள் என்னிடம் திரும்பி வந்துவிடும். ஏன் தெரியுமா? அவை குவைத்தில் வாங்கிய உயர்ரகக் குரோம் கேசட்டுகள். இரைச்சல் மிகக் குறைவு. அவற்றில் நான் பாட்டுப் பதிவேன். தம்பியின் பேச்சுக்கு மேல்! எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. கேட்டாயிற்றே, இன்னும் எதற்கு என்றுதான் நினைத்தேன்.

ஒருமுறை லீவில் வந்தவன் இதைக் கண்டுபிடித்தான். வனஜா அழுதிருக்கிறாள். அவன் என்னிடம் சண்டை போடவில்லை. சிரித்துக்கொண்டே, "அண்ணா, ஒனக்கு வேற கேசட்டு ஒரு பெட்டியே வாங்கியாறேன். அவுளுதுல மட்டும் கைய வெக்காத" என்றான். சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்?

அவன் திரும்பிப்போய் வெகுநாள் கழித்து ஒரு கேசட் வந்தது. புத்தூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளும் உடைக்கப்பட்டிருந்தன. அந்தத் துண்டுகளை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிவு செய்ய முடியாது. அதுவரை அவன் அப்படிச் செய்ததே இல்லை. ஏன் செய்தான் என்று எனக்குப் புரியாமல் இல்லை... நன்றாகவே புரிந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் சித்தூர் டாக்டர் நண்பர் ஒரு குறுந்தகடு கொண்டுவந்தார். அப்போதுதான் வெளிநாட்டுச் சரக்குகள் நம் பக்கம் தாராளமாக வரத் தொடங்கியிருந்தன. எங்கள் வட்டத்திலேயே அவரிடம் மட்டும்தான் குறுந்தகடு போடும் பெட்டி இருந்தது. அதையும் காரில் வைத்துத் தூக்கி வந்திருந்தார். புல்லாங்குழல் கச்சேரி. என் வாழ்நாளில் அப்படியொரு சுத்தமான ஒலியை நான் கேட்டதே இல்லை. வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது! ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் ஸ்பீக்கர் இல்லை, மனிதன் இருந்தான்.

டாக்டர் சாயங்காலமே ஊருக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் காலிக் கேசட் ஒன்றுகூட இல்லை. கடைத்தெருவில் கிடைப்பது எல்லாம் சாதாரணச் சரக்கு. அதில் இந்த ஒலியைப் பதிவதா?

தம்பியின் கேசட் மேசைமேல் இருந்தது.

முதல் பக்கத்தைக் கொஞ்சம் ஓடவிட்டேன். "அண்ணா, நல்லா கீறியா? நைனாவுக்கு இருமல் எப்டி கீது?" வழக்கமான பேச்சு. ஏதோ வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். முதலாளி... வண்டி... இன்னொரு ஊர்... நான் அதைக் கவனிக்கவில்லை. எதைக் கவனித்தேன் தெரியுமா? அவன் பேசிய அறையில் ஏசி ஓடும் உறுமலைக் கவனித்தேன். அதுகூட இத்தனை தெளிவாகப் பதிந்திருக்கிறதே என்று வியந்தேன். நல்ல கேசட் என்று முடிவு செய்தேன். சீ!

உடைந்த ஓட்டைகளில் காகிதத்தை மடித்துத் திணித்து, மேலே செலோடேப் ஒட்டினேன். இரண்டு பக்கமும் பதிந்தேன். இரண்டாம் பக்கம் வனஜாவுடையது என்று எனக்குத் தெரியாதா? புருஷன் பெண்சாதி பேச்சுதானே, அடுத்த கேசட்டில் பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் நியாயம்.

மறுநாள் ஊருக்குப் போகவில்லை. நண்பர்களை அழைத்தேன். கேசட்டில் எப்படி விழுந்திருக்கிறது என்று கேட்க டாக்டரும் மறுபடி வந்தார். கேசட்டைப் போட்டோம். "சபாஷ்!" என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் கச்சேரி முடிந்தது. எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து நிறுத்துவதற்குள்...

"...அவ்ளோதாம்மே. நைனாவாண்டகூட சொல்லாத. நான் சொன்னத மட்டும் செஞ்சுட்டு இரு. நான் வந்துடுவேன்."

என் தம்பியின் குரல். கச்சேரியைவிட அவன் பேச்சு நீளமாக இருந்திருக்கிறது. மிஞ்சியது அந்த வால் மட்டும். அத்தனை பெரிய ஸ்பீக்கரில், அறையின் நடுவில் நின்று சொல்வதுபோல் சொன்னான்.

"எவரண்டி இதி?" என்று டாக்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரோ... பழைய டேப்பு" என்றேன். நானும் சிரித்தேன்.

என் கூடப்பிறந்தவனை யாரோ என்றேன். கேட்கிறீர்களா?

பத்துப் பதினைந்து நாளில் வனஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். புத்தூர்க்காரரைச் சந்தையில் பார்த்திருக்கிறாள். "மாமா, கேசட்டு வந்துச்சாமே?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கவில்லை. திட்டியிருப்பாள், அழுதிருப்பாள். அவனுக்குச் சேதி அனுப்பி, சொன்னதைத் திரும்பச் சொல்ல வைத்திருப்பாள். ஆனால் தம்பி பெண்சாதி முன்னால் தலைகுனிய மனம் வரவில்லை. இந்த அற்ப காரணம்தான்... வேறு ஒன்றும் இல்லை.

"வந்துச்சும்மா. ஒண்ணும் பதிவாகல. ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்காம உட்டுட்டான் போல" என்றேன்.

நான் சொன்னால் நம்பாமல் இருப்பாளா? ஒலிப்பெட்டி விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் உண்டா! "ஐயோ, இந்தாளுக்கு இதுகூடத் தெரியல பாருங்க மாமா" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பரவால்ல, அந்த வெறுங்கேசட்டயாவது குடுங்க. அவுரு கை பட்டது."

வேறு ஒருவர் வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். சென்னைக்குப் போய், தேடி அலைந்து, அதே ரகத்தில் புதுக் கேசட் ஒன்று வாங்கினேன். அதன் முதுகுத் துண்டுகளை உடைத்தேன். தம்பி தெலுங்கில் பெயர் எழுதிய சீட்டை நனைத்து உரித்து, இதன்மேல் ஒட்டி அவளிடம் கொடுத்தேன். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தேன் தெரியுமா!

அதன்பின் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. கேசட் இல்லை, பணம் இல்லை, போன் இல்லை. முதலாளி வீட்டைவிட்டு ஓடிப்போய்விட்டான் என்று புத்தூர்க்காரர் விசாரித்துச் சொன்னார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஓடியவர்கள் ஒளிந்துதான் வேலை செய்ய வேண்டுமாம். தூதரகத்தில் கேட்டாலும் துப்புக் கிடைக்காதாம். யாரிடம் போகிறேன், எந்த ஊருக்குப் போகிறேன், யாரைக் கேட்டால் தெரியும்... எல்லாவற்றையும் அவன் சொல்லியிருப்பான். சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்! அதன்மேல்தான் நான் புல்லாங்குழலைப் பதிந்திருக்கிறேன்.

நான் சொன்னத மட்டும் செய் என்றானே, என்ன செய்யச் சொன்னான்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே உள்ள இடைவெளிகளில் அவன் பேச்சின் மிச்சம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடினேன். வருடக்கணக்காகத் தேடினேன். ஒன்றும் இல்லை. என் கேசட் டெக் அவ்வளவு நல்ல டெக். சுத்தமாக அழித்திருந்தது.

நைனா போய்விட்டார். கடைசிவரை, "ஏகாம்பரம் பேசினானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் மகன் அமெரிக்காவுக்குப் போனான். அவன் தயவில்தான் நீங்கள் மெச்சும் இந்த ஸ்பீக்கர்கள் வந்தன. வனஜா கூலி வேலை செய்தே மகளை வளர்த்தாள். நான் உதவி செய்தேன். செய்யாமல்? அவள் என்னைத் தெய்வம் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் உயிரோடு இருக்கிறேன்.

இந்தப் புரட்டாசியில் மலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தாள். தலையில் மொட்டை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முந்தானையை அவிழ்த்து அந்தக் கேசட்டை எடுத்தாள்.

"மாமா, எங்க ஊட்டு டேப்பு கெட்டுப் போறதுக்கு முன்ன இதப் போட்டுப் போட்டுக் கேப்பேன். ஒரு எடத்துல மூச்சு உடறா மாரி கீது. பட்டன அமுக்காட்டியும் கொஞ்சமாச்சும் பதிஞ்சிருக்காதா? உங்க பெரிய ஸ்பீக்கர்ல போடுங்க."

"எதுக்கும்மா இப்ப?"

"பத்திரிக அடிக்கணும். அவுரு பேருக்கு முன்ன இன்னா போடறதுன்னு சம்பந்திங்க கேக்கறாங்க. காரியத்த முடிச்சுட்டு, தாலிய எடுத்துட்டு, அப்புறமா பொண்ணு கல்யாணத்த வைன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க காதுக்குத் தப்பாது. இதுல அவுரு இல்லன்னு நீங்க சொன்னா எடுத்துடறேன். கீறாருன்னா கீறாரு."

நீங்கள் உட்காருவீர்களே, அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். கேசட்டைப் போட்டேன். வெறும் இரைச்சல். கடையில் நான் வாங்கிய கேசட்டின் இரைச்சல்! "சத்தம் ஏத்துங்க மாமா" என்றாள். ஏற்றினேன். முன்னால் குனிந்து, ஒரு காதைத் திருப்பிக்கொண்டு, அசையாமல் கேட்டாள். ஒரு பக்கம் முழுவதும் கேட்டாள். திருப்பிப் போடச் சொன்னாள்.

பின்னால் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன், அவன் நிஜக் குரலை. எட்டினால் எடுத்துவிடலாம். நான் வந்துடுவேன் என்று அவளிடம் அவன் சொன்ன சொல்லை அவளுக்குக் கேட்க வைத்துவிடலாம். கேட்டுவிட்டு அவள் என் முகத்தைப் பார்ப்பாள்... அந்தப் பார்வைக்குப் பயந்து எழுந்திருக்காமல் இருந்தேன்.

"இதோ... இங்க! மூச்சு உடறாரு. கேட்டுச்சா மாமா?"

இல்லை என்று சொன்னால் அவளைத் தாலியறுக்கச் சொன்னவன் ஆவேன். நிஜக் கேசட்டை எடுத்துப் போட்டுக் காட்டினால் நான் யாரென்று தெரிந்துவிடும். எனக்கு எது வசதியோ அதைச் சொன்னேன்.

"கேட்டுச்சும்மா. மூச்சுதான்."

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வயிறாரச் சாப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள், சந்தோஷமாக.

நேற்று பத்திரிகை வந்தது. நல்ல மஞ்சள் அட்டை, தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம். மணமகளின் தந்தை: ஏகாம்பரம், குவைத்.