பேட்லாக் தெரியாதவர் என்று நான் எழுதியவர்

போன மாதம் இரண்டு நாள் திருப்பூர் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல. பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குத் திறன் சான்றிதழ்த் தேர்வு நடத்த. நாட்டின் மனிதவளத்தையே உயர்த்தப் போகிறேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டு வேறு கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்குக் கோவை காந்திபுரத்தில் பேருந்து. ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், நாற்பத்தைந்து ரூபாய். திருப்பூரில் இறங்கி, தேர்வு நடக்கும் வேலம்பாளையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது. "டவுன் பஸ்ஸே போகுதுங்களே, எதுக்குங்க இத்தன காசு?" என்று கேட்டவர் ஆட்டோக்காரரேதான்! இப்படி ஒருவரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

வாய்மொழிக் கேள்வியில் தேறினால்தான் மிஷினில் உட்காரவிடுவோம். அது விதி. ஜெபமணி வந்தார். தூத்துக்குடிப் பக்கம், பதினோரு வருடமாக இங்கே டெய்லர். புதிதாகத் திறக்கும் பயிற்சி மையத்தில் அவருக்கு ஆசிரியை வேலை பேசி வைத்திருந்தார்கள். சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

"ஃப்ளாட்லாக் மிஷின் இயக்கத் தெரியுமா?"

"அது தெரியாது சார்."

"பதினோரு வருஷமா என்னம்மா பண்ணீங்க?" என்று சிரித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். மாலையே மதிப்பெண்ணை இணையத்தில் ஏற்றியும் விட்டேன்.

மறுநாள் அவருடைய கம்பெனியைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போனால், ஜெபமணி ஃப்ளாட்லாக் மிஷினில் பனியனின் கீழ்மடிப்பைத் தைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். தைத்தபடியே பக்கத்துப் பெண்ணுக்குத் தையல் ஏன் விட்டுப்போகிறது என்று சொல்லியும் கொடுக்கிறார். "அந்தக்கா வர்லீன்னா லைனே நின்னு போயிருமுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"இது என்ன மிஷின்?" என்று ஜெபமணியிடம் கேட்டேன்.

"பேட்லாக் சார்."

ஃப்ளாட்லாக்கை ஊரே அப்படித்தான் சொல்கிறது. 'பேட்லாக் டெய்லர் தேவை' என்று சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிறது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஏற்றியதை மாற்ற முடியாதாம். மறுதேர்வுக்கு ஆறு மாதம் ஆகுமாம். மையமோ அடுத்த வாரம் திறக்கிறது.

மறைக்காமல் அவரிடம் சொன்னேன். "அட, இதத்தான் கேட்டீயளா?" என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நேத்து பரீட்ச ரூம்ல இதே மாதிரி மிஷினு உங்க முதுகுக்குப் பின்னாலதான சார் நின்னுச்சு. கையக் காட்டிக் கேட்டிருக்கலாம்லா?"

வெட்கக்கேடு.

இதே வேலையாகத் திருப்பூர் போகிறவர்களுக்கு: தங்க அறை எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, முதலில் மிஷினில் உட்காரச் சொல்லுங்கள். ஜெபமணிக்கு அந்த வேலையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யாருக்காவது தெரிந்தால், எனக்கும் சொல்லுங்கள்.