மஞ்சப்பையில போன கண்டன்சர்

போன வருஷம் சாரல் சீசன்ல நடந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல எங்க வீடு. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் எங்களுக்கும் பொதுவா ஒரே போர்வெல் மோட்டார். அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிட்டு, சமீபத்துலதான் நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருந்தாங்க. நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிசிக்ஸ் எடுக்கிறவ. அதை மறைச்சுட்டா, பட்ட வெட்கத்துல பாதிய மறைச்ச மாதிரி.

அன்னைக்குக் காலையில மோட்டார் எடுக்கல. பச்சைப் பட்டனை அமுக்குனா உறுமிட்டு நின்னுரும். நாலஞ்சு தடவை அமுக்கிப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆக உதவுற கண்டன்சர்தான் வீக் ஆகியிருக்கும்னு தெரிஞ்சிட்டு. மெயினை அணைச்சுட்டு, டெஸ்டர் வச்சும் பார்த்துட்டு, அந்தக் கருப்பு டப்பாவை வயரோட கழட்டி எடுத்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடாமலே முடிச்சுட்டேன்னு பெருமை வேற.

எங்க பக்கம் எந்தச் சாமான் வாங்கினாலும் பழசை மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டித்தான் வாங்குவோம். அண்ணாச்சி ஸ்கூட்டர்ல தென்காசிக்குக் கிளம்பிக்கிட்டிருந்தார். "இங்கன குடுங்க டீச்சர், பேங்க் வேலையை முடிச்சுட்டு நானே வாங்கியாரேன்"னார். மஞ்சப்பையில போட்டுக் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போயிட்டேன்.

ரெண்டாவது பீரியட். பாடமே அதுதான். புத்தகத்துல மின்தேக்கி, மின்தூண்டின்னு இருக்கும். கடையில போய்க் கேட்டா கண்டன்சர், காயில். "காயில்ல கரண்ட் ஓடுற வரைக்கும்தான் ஆற்றல் நிக்கும். கண்டன்சருக்கு ஓட்டமே வேண்டாம், ஏத்தி வச்சா சும்மாவே வச்சிருக்கும்"னு சொல்லிக்கிட்டிருந்தேன். முதல் பெஞ்சுப் பொண்ணு எழுந்து, "மிஸ், அதைக் கழட்டித் தனியா வச்சிட்டா?"ன்னா.

"அப்பவும் சட்டுன்னு போகாது. யாராவது ரெண்டு முனையையும் தொட்டா அவ்வளவுதான்"னேன்.

சொல்லி வாயை மூடல, காலையில நான் கழட்டுன கண்டன்சர் ஞாபகம் வந்துட்டு. பச்சைப் பட்டனை விட்டதும் அந்தக் கண்டன்சர் மோட்டாரை விட்டுப் பிரிஞ்சிரும். ஏறின சார்ஜ் உள்ளயே நிக்கும். நான் மெயினை அணைச்சு என்ன பிரயோஜனம்? வயர் முனை ரெண்டும் மொட்டையா அந்தப் பையில கெடக்கு, பை அண்ணாச்சி கையில.

ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சேன். போன் அடிக்கேன், அடிக்கேன், எடுக்கல. எதிர்ல அருவிக்குப் போற வண்டிக்கூட்டம், ஆட்டோ ஊர்ந்துச்சு. ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டே பைக்குள்ள கை விட்டிருந்தா? அவர் வீட்டம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? ரோட்டோரம் ஒரு இடத்துல கும்பலா நின்னாங்க. எனக்கு உயிரே போயிட்டு. கிட்டப் போனா மங்குஸ்தான் பழ வியாபாரம்.

தென்காசியில நாங்க வழக்கமா போற மோட்டார் கடை வாசல்ல இறங்குறேன், உள்ள படார்னு ஒரு சத்தம். ஓடினேன். அண்ணாச்சி ஸ்டூல்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். போச்சுன்னே நினைச்சேன்.

ஆனா கண்டன்சர் கடைக்காரர் கையில இருந்துச்சு. பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை ரெண்டு முனைக்கும் குறுக்க வச்சு அவர்தான் சார்ஜை இறக்கியிருக்கார். அண்ணாச்சி சத்தத்துக்குத் திடுக்கிட்டதோட சரி. கடைக்காரர் விடல. "எந்தக் கூறுகெட்டவன் இதைக் கழட்டுனது? சார்ஜை எறக்காம பையில போட்டுக் கொண்டாறீரே, நெஞ்சுல மிஷின் வச்சிருக்கேன்னு வேற சொல்லுதீரு!"

அண்ணாச்சி சாரல்ல தொப்பலா நனைஞ்சு நின்ன என்னை ஒரு தடவை பார்த்தார். "நாந்தான்யா கழட்டுனேன். எனக்கு என்ன தெரியும்?"னு சொல்லித் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

நான் புதுசுக்கான காசை எண்ணிக் குடுத்தேன்.

வெளிய வந்து, "ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?"ன்னு அழுதுட்டேன். "பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவங்கள கடையில வச்சு வையுறதை நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"ன்னார்.

மறுநாள் அந்தக் கண்டன்சரை வகுப்புக்குக் கொண்டுபோனேன். வயர் முனை ரெண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தேன். நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன், கேள்வி கேட்ட பொண்ணுக்கு நன்றியும் சொன்னேன். கடைக்காரர்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல. அந்தக் கடையில கூறுகெட்டவர் இன்னைக்கும் அண்ணாச்சிதான். உள்ள போய் "நான்தான் கழட்டுனேன்"னு சொல்லுற வரைக்கும் அந்தச் சார்ஜ் எனக்குள்ள இறங்காமத்தான் நிக்கும்.