மூன்று கிராஷ் பேடும் பக்கத்து சீட் அக்காவும்

மதுரைப் பக்கம் பாறை ஏறிவிட்டு, முதுகில் இரண்டும் நெஞ்சில் ஒன்றுமாக கிராஷ் பேடுகளை மாட்டிக்கொண்டு ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினேன். கூட வந்தவர்கள் பைக்கில் பறந்துவிட்டார்கள்.

பரமக்குடியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா கேட்டார்: "மூணு மெத்தையா? ஆஸ்பத்திரில யாரையும் சேத்திருக்கீகளா, தம்பி?"

"இல்லக்கா. பாறையில ஏறயில விழுந்தா அடிபடாம இருக்க, கீழ விரிக்கிறது."

"விழுறதுக்கா மெத்த!" சிரித்துவிட்டார். "எங்க வீட்டுக்காரரு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரில கெடக்காரு. நான் வராண்டாவுல வெறுந்தரையிலதான் படுக்கேன். இடுப்பு ஒடியுது."

"சீக்கிரம் சரியாயிரும்க்கா" என்றேன். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்ததும் பேடுகளை ஒதுக்கி, அவர் இறங்க வழியும் விட்டேன்.

பஸ் நகர்ந்த பிறகுதான் உறைத்தது, ஒன்றைக் கொடுத்திருக்கலாம். அடுத்த மாதம் வரை மூன்றும் என் கட்டிலுக்கடியில் சும்மாதான் கிடக்கும்.

உங்களுக்கு அப்போதே தோன்றியிருக்குமா? இல்லை என்று யாராவது சொல்லுங்கள், இன்றிரவு எனக்குத் தூக்கம் வர வேண்டும்.