சங்கரன்கோவில் தெருவில் நின்ற பந்தயப் படகு

வார்னிஷ் வாசனை... அந்தச் சித்திரை வெயிலில் எங்கள் தெரு முழுக்க அதுதான். எண்பதுகளின் தொடக்கம். பக்கத்து வீடுகளில் விசைத்தறி டக்கடக்கென்று ஓட, எங்கள் வீட்டு காம்பவுண்டுக்குள் இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு நின்றது. கடலோ மூன்று மணி நேர பஸ் தூரத்தில்!

மக்களே, அந்தக் காலத்தில் உலகத்திலேயே சொந்தமாகப் பந்தயப் படகு வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். எங்கேயோ ஒரு ராஜா, எங்கேயோ ஒரு எண்ணெய்க் கோடீஸ்வரன், அப்புறம் எங்கள் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் தன் படகை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு முதல் ஆளாகப் போய் நின்றார். பழைய படகுதான். ஆனால் கேப்டன் அதைப் பதினோரு வருஷம் பராமரித்திருந்த அழகைப் பார்த்தால் புதுப் படகுகள் வெட்கப்பட்டுத் தானாக மூழ்கிவிடும். பந்தயத்துக்குத் தனிப் பாய், அதுபோக பலூன் மாதிரி உப்புகிற சிவப்புப் பாய் ஒன்று. ஊர் சுற்றப் போனால் உள்ளே இரண்டு படுக்கை, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, காம்பஸ்... என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சீர் வரவில்லை.

கேப்டன் ஒரு நிபந்தனை போட்டார். “மூணு மாசம் நீங்க வச்சிப் பாருங்க. ஆடியில இங்கன பந்தயம் இருக்கு, நானும் கூட ஏறுவேன். நான் வச்சிருந்த மாதிரி இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டேன். படகு எனக்கே திரும்பி வந்துரணும்.”

கூடவே பராமரிப்பு பற்றி நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் கொடுத்தார்.

தூத்துக்குடியில் அத்தானுக்கு இருந்தது ஒற்றை அறை. அதனால் வார்னிஷ் வேலைக்காகப் படகை லாரியில் எங்கள் வீட்டுக்கு ஏற்றி வந்தோம். பனவடலிசத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது ஆடு மேய்க்கிற ஒருவர் படகைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

“இதுல எத்தனை ஆடு ஏத்தலாம் தம்பி?”

“ஆட்டுக்கு இல்ல அண்ணாச்சி. இது கடல்ல போற படகு.”

“அப்ப இங்கன எதுக்கு வருது?”

நான் டீயைக் குடித்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டேன்.

வார்னிஷ் அடித்தது நான். ஒன்பது பூச்சு! அதில் முகம் பார்த்து சவரம் செய்யலாம். செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்... பாயை நல்ல தண்ணீரில் மட்டும் அலச வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தது. நான் அப்போது தறிக்கூடத்தில் மேஸ்திரி. துணியைப் பற்றி எனக்கே பாடமா? அண்டாவில் சலவைச் சோடா போட்டுப் பந்தயப் பாயை வேகவைத்துவிட்டேன். தகரம் மாதிரி மொடமொடவென்று இருந்த பாய், வெளியே எடுத்தபோது பழைய வேட்டி மாதிரித் தொங்கியது. நோட்டைப் புரட்டினால், மொடமொடப்புப் போன பாய் செத்த பாய் என்று அடிக்கோடு போட்டிருக்கிறது. பந்தயத்துக்கு நாலே நாள்.

படகை எடுத்துப்போக வந்த அத்தான் திட்டவில்லை. பாயை இரண்டு கையாலும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்புறம், “மாப்ளே, வேற எதையும் வேக வைக்கலேல்லா? காம்பஸ் இருக்கா?” என்றார். கேலிதான். ஆனால் பாயை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்துத் தறிக்கார சுப்பையா அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “ஏலே, இதுக்கா ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கிய? நூலுக்குக் கஞ்சி குடுத்தா கம்பியா நிக்கும்லா? இது மட்டும் வேண்டாம்னா சொல்லும்?”

தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுகிற மாதிரியே பாயை இழுத்துக் கட்டினோம். அரிசிக் கஞ்சி, பிரஷ், வெயில். ஊரே கூடிவிட்டது. வாசனைக்கு வந்த ஆடுகளை எண்ணியிருந்தால் ஆயிரம் தேறும்.

“ஏலே கடலோடி, ஆட்டைப் பத்தி விடுலே! பாதிப் பாயை நக்கிட்டுது!” என்று அண்ணாச்சி கத்திக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பாயைச் சுண்டினால் வெண்கல மணி மாதிரிக் கேட்டது.

படகு மறுபடி லாரி ஏறியது. பந்தயத்தன்று தூத்துக்குடிக் கடலில் ஏழு படகுகள். கேப்டன் ஏறியதும் வார்னிஷைத் தடவினார், கயிறுகளைப் பார்த்தார், பாயை நகத்தால் சுண்டினார். முகம் மலர்ந்துவிட்டது. “என்னவே, நான் குடுக்கும்போதே இவ்வளவு மொடமொடப்பு இல்லியே!”

அத்தானும் நானும் கடலின் அழகை ரசித்தோம்.

பாதித் தூரம் வரை நாங்கள்தான் முதல். பறந்தோம் மக்களே! மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன. அப்புறம் அலை ஒன்று தூக்கியடித்துப் பாயை நனைத்தது. வெள்ளையாகச் சொட்ட ஆரம்பித்தது. கேப்டன் தொப்பியில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு. அவர் துடைத்து, முகர்ந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“என்னதுவே இது?”

“கஞ்சி சார். தப்பு என்னோடதுதான்” என்றார் அத்தான்.

அவ்வளவு ஆசைப்பட்ட மனுஷன் எனக்காகப் படகையே விடத் தயாராக நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. “இல்ல சார், பாயை வேகவச்சுக் கெடுத்தது நான். அத்தானுக்கு ஒண்ணும் தெரியாது.”

கேப்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாய்க் கயிற்றை இழுத்தார். கஞ்சி வழிய வழிய மூன்றாவதாகக் கரை சேர்ந்தோம். கேப்டன் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன்... சிரித்துக்கொண்டிருந்தார்.

“பதினோரு வருஷம் இவளைக் குளிப்பாட்டுனேன்வே. ஒரு நாளாச்சும் கஞ்சி ஊத்தணும்னு எனக்குத் தோணல. குடும் பேப்பரை.”

கையெழுத்துப் போட்டார்.

எட்டு வருஷம் அவள் எங்களோடு இருந்தாள். மணப்பாடு வரை, ராமேஸ்வரம் வரை போய் அந்தப் படுக்கைகளில் படுத்து எழுந்தோம். பிறகு கொச்சிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தோம். அன்றைக்கும் புதுசு மாதிரித்தான் இருந்தாள்.

அப்போதெல்லாம் சங்கரன்கோவிலில் காற்று கொஞ்சம் தூக்கி அடித்தால் போதும், லீவுக்கு வந்திருக்கும் அத்தானும் நானும் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்து எந்தப் பக்கத்துக் காற்று என்று சண்டை போடுவோம். இப்போதும் அதே ஆடிக்காற்று வருகிறது. தூசி வருது என்று வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நான் மட்டும் அது மேல்காற்றா தென்காற்றா என்று உள்ளே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன்... கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும். அத்தானாகத்தான் இருக்கும்.